குளவியின் மூக்கைக் கெடுக்கலாகாது

மருந்து தெளித்த மறுநாள் வயலிற் குளவிகள் பறப்பதைக் கண்டு, "நன்மை செய்யும் பூச்சிக்குச் சேதமில்லை" என்று திருப்தியடையும் மிராசுதாரர்களை நான் அடிக்கடி சந்திப்பதுண்டு. இவ்வெண்ணம் தவறென்பதே என் அபிப்பிராயம்.

ஒட்டுண்ணிக் குளவி, பயிரைக் கெடுக்கும் பூச்சியின் உடலிலோ முட்டையிலோ தன் முட்டையை இட்டு அதனை அழிப்பது. தன் இரையை அது பெரும்பாலும் வாசனையைக் கொண்டே தேடுகின்றது. புழு கடித்த மக்காச்சோள இளம்பயிர் ஒருவித வாசனையை வெளிவிடுகிறதென்றும், அதனைப் பின்பற்றிக் குளவி வந்து சேருகிறதென்றும் 1990-ம் வருஷத்தில் அமெரிக்க சாஸ்திரிகள் நிரூபித்தனர்.

ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நஸோனியா என்னும் குளவியின் பரம்பரைக் கூறுகள் 2010-ல் ஆராய்ந்து வெளியிடப்பட்டன. வாசனையை ஏற்பதற்குரிய ஜீன்கள் அதனிடத்தில் ஏறக்குறைய 300 காணப்பட்டன. அவற்றுட் சில பழுதுற்றவை. எனினும் பழ ஈக்கு உள்ளவை சுமார் 60 மாத்திரமே. நெல்மணியினும் சிறிய இப்பிராணிக்கு இயற்கை இவ்வளவு மூலதனத்தை மூக்கிலே போட்டிருக்கின்றது. அம்மூக்குக் கெட்டால் குளவி உயிரோடிருந்தும் பயனில்லை.

அது கெடவுங்கூடும். இமிடாகுளோபிரிட் என்னும் மருந்தைக் கொல்லாத அளவில், மிகச் சொற்பமாக நஸோனியாவுக்கு இட்டு ஜெர்மனியிற் சோதித்தார்கள். பெண் குளவிகள் ஆணின் வாசனையை நாடவில்லை. இரையின் வாசனையையும் கண்டுகொள்ளவில்லை. இது 2017-ல் வெளியான முடிவு. ஆகவே, பறக்கும் குளவியெல்லாம் வேலை செய்யும் குளவியென்று கொள்ளலாகாது.

மருந்தே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பயிர் கைவிட்டுப் போகும் நிலையில் மருந்து அவசியமே. ஆனால் புழுவை எண்ணிப் பாராமல், நாள் குறித்துத் தெளிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். ஒட்டுண்ணி முட்டை அட்டை கட்டிய வாரத்திலேயே மருந்தும் அடிப்பது, ஒரு கையால் விதைத்து மறு கையால் பிடுங்குவதை ஒக்கும்.

2008-ல் கோயம்புத்தூரிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையுங்கூடப் பாழாக்கியது நினைவிருக்கலாம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு குளவிகளே அதனை அடக்கின.

அடுத்த வயற்காரர் தெளிக்கும் மருந்து வரப்போடு நிற்பதில்லை. ஆதலால் குளவி விடும் நாட்களைக் கிராமத்தார் யாவரும் அறியும்படி முன்கூட்டித் தெரிவித்து, அக்காலத்தில் மருந்தை நிறுத்திவைக்கச் செய்யுமாறு கிராம உத்தியோகஸ்தர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். இதற்குச் செலவொன்றுமில்லை, சற்றுப் பொறுமையே வேண்டும்.