பயிற்சியாளரின் பெட்டியில் இடமில்லாத பிள்ளைகள்

2022 டிசம்பர். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம். புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் தன் கால்பந்து அணியை முதல்முறையாகச் சந்திக்கிறார். அறை நிறைய பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: என் பெட்டிகளோடு வருகிறேன், எல்லாம் உயர்ரக லூயி வுய்ட்டான் பெட்டிகள், உங்களில் பலருக்கு இங்கே இடமிருக்காது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி என்று அவர் சொன்னது மனிதர்களை. அவரோடு வரப்போகும் புது வீரர்கள் விலை உயர்ந்த பெட்டிகள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், தெருவில் எடுத்து வைக்கப்பட வேண்டிய பழைய மூட்டைகள். அடுத்த பருவம் தொடங்கியபோது பழைய அணியில் உதவித்தொகையோடு இருந்தவர்களில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய பத்துப் பேர். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறியிருந்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்துப் பலர் கைதட்டினார்கள். "என்ன நேர்மை! முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்" என்றார்கள்.

ஒருவரை வெளியேற்றுவதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது நேர்மையாகிவிடுமா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நமக்கென்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. "தகுதி", "திறமை" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் யாருடைய உடலை எடுத்துக்கொள்கிறது, யாரை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துகிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் இடம் குறைவு. சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனாலும் 1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு ஒடுக்குமுறைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இது காலால் உதைத்து ஆடும் நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டி, பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம். அமெரிக்காவில் இதன் கல்லூரிப் போட்டிகளுக்கு லட்சம் பேர் அமரும் அரங்குகள் உண்டு. தொலைக்காட்சி உரிமை கோடிக்கணக்கான டாலருக்கு விற்கிறது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கு அல்ல, பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு. சாண்டர்ஸோடு கொலராடோ போட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 2.95 கோடி டாலர்.

இந்த ஆலைக்கான மூலப்பொருள் பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உயரம், எடை, கை நீளம், நாற்பது கெஜம் ஓட எத்தனை நொடி, எல்லாம் பதிவாகும். பிறகு மூன்று நட்சத்திரம், நான்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று தரம் பிரிப்பார்கள். நம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரல் தொட்டு விலை பேசுவார்கள். பேசப்படும் விலை மாட்டுக்கு மட்டும் தெரியாது.

இந்த ஆள்சேர்ப்பின் அடிப்படை ஏமாற்று, புதுப் பயிற்சியாளர் வரும்போதுதான் அம்பலமாகிறது. ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார். அம்மாவின் கையால் சாப்பிடுகிறார். "உங்கள் பையனை என் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அந்தச் சொல்லை நம்பித்தான் குடும்பம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் 1964 முதல் 2024 வரை நடைமுறையில் இருந்த சேர்க்கை உறுதிக் கடிதம் மாணவனைக் கட்டிப்போட்டது பல்கலைக்கழகத்தோடு. சொல் கொடுத்த பயிற்சியாளர் அடுத்த வாரமே அதிகச் சம்பளத்துக்கு வேறு ஊர் போகலாம். பையன் போக முடியாது. மீறிப் போனால் ஓராண்டு ஆட்டத்தை இழக்க வேண்டும். சொன்னவருக்குச் சிறகு, நம்பியவனுக்கு விலங்கு.

பயிற்சியாளரை நீக்கினால் என்ன ஆகும்? 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.6 கோடி டாலருக்குக் குறையாது. அதே பருவத்தில் முட்டி உடைந்த ஒரு மாணவனுக்கு என்ன ஒப்பந்தம்? 1973இல் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு நான்காண்டு உதவித்தொகையை ஒழித்து, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பயிற்சியாளருக்குப் பிடித்தால் அடுத்த ஆண்டும் படிப்பு, பிடிக்காவிட்டால் வீடு. பல ஆண்டு உதவித்தொகைக்கு மீண்டும் வழி திறக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பெரிய பல்கலைக்கழகங்களில் ஆட்டத்திறனைக் காரணம் காட்டி உதவித்தொகையைப் பறிக்க முடியாது. ஆனால் அணியிலிருந்து நீக்கலாம். கட்டணம் கட்டப்படும், அறைக்குள் மட்டும் நுழைய முடியாது. ஆடத்தான் வந்தவன் அங்கே எத்தனை நாள் தங்குவான்? துரத்தாமலே வெளியேற்றுவது ஒரு கலை. ஊர்க்கட்டுப்பாடு தெரிந்த நமக்கு அது புதிதல்ல.

இந்த ஏற்பாட்டின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது: "மாணவ விளையாட்டு வீரர்". 1955இல் அதே கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அந்த ஆண்டுகளில்தான் என்.சி.ஏ.ஏ. நிர்வாகி வால்டர் பையர்ஸும் அவரது சகாக்களும் இந்தச் சொல்லைப் பரப்பினார்கள். மாணவன் என்றால் தொழிலாளி இல்லை. தொழிலாளி இல்லையென்றால் இழப்பீடும் இல்லை, சங்கமும் இல்லை. உழைப்பைப் புனிதப்படுத்திக் கூலியை மறுக்கும் தந்திரம் இது. "சேவை", "கடமை", "குலத்தொழில்" என்ற சொற்களால் அடிபட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், ஓய்வுபெற்ற பின் 1995இல் பையர்ஸே இந்த அமைப்பைத் தோட்ட முதலாளிகளின் மனநிலை கொண்டது என்று கண்டித்து எழுதினார்.

"இப்போதெல்லாம் மாறிவிட்டதே, பையன்களும் கோடீஸ்வரர்கள் ஆகிறார்களே" என்பார்கள். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2018இல் இடமாற்றத்துக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது: பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு, இனி ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களோடு பகிரலாம். இவை எதுவும் நிர்வாகங்கள் மனமிரங்கித் தந்தவை அல்ல. வீரர்கள் நீதிமன்றத்தில் போராடிப் பிடுங்கியவை.

ஆனால் கவனியுங்கள். பணம் வந்தது, உரிமை வரவில்லை. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் சங்கம் கேட்டார்கள். அவர்கள் தொழிலாளர்களே என்று வட்டாரத் தொழிலாளர் வாரிய அலுவலகம் சொன்னது. வாக்கெடுப்பும் நடந்தது. 2015இல் தேசிய வாரியம் இதில் தலையிட மாட்டேன் என்று ஒதுங்கியது. வாக்குகள் எண்ணப்படவே இல்லை. சங்கம் இல்லாத இடத்தில் போர்ட்டல் என்பது இருபக்கமும் திறக்கும் கதவு. நட்சத்திர வீரன் அதன் வழியே அதிக விலைக்குப் போகிறான். புதுப் பயிற்சியாளருக்கு வேண்டாத சராசரி வீரன் அதே வழியே தள்ளப்படுகிறான். அவனுக்கு மறுபக்கம் ஓர் அணி காத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. படிப்பு பாதியில் நிற்கும். மாறிய கல்லூரியில் பழைய பாடங்களின் மதிப்பெண் எல்லாம் செல்லாமல் போகலாம்.

ஒரு சங்கடமான கேள்வியையும் தவிர்க்க முடியாது. சாண்டர்ஸ் ஒரு கறுப்பினத்தவர். முதல்நிலைப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள். ஆடுவோரில் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்சியாளர்களில் கறுப்பினத்தவர் இருபது பேரைத் தொடுவதே அரிது. தெற்கின் பலம்வாய்ந்த எஸ்.இ.சி. கூட்டமைப்பில் முதல் கறுப்பின வீரர் 1967இல் களமிறங்கினார். முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் சில்வெஸ்டர் குரூம் நியமிக்கப்பட்டது 2003 டிசம்பரில். மோதுவது ஒரு கூட்டம், மேற்பார்வை இன்னொரு கூட்டம். இந்தச் சுவரில் ஒருவர் ஏறினால் மகிழ்ச்சிதான்.

கொலராடோவுக்கு முன் சாண்டர்ஸ் மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். நாட்டின் முதல்நிலைப் பள்ளி வீரனாகக் கருதப்பட்ட ட்ராவிஸ் ஹண்டர் 2021இல் பெரிய பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தபோது கறுப்பினச் சமூகம் கொண்டாடியது. ஓராண்டில் பயிற்சியாளர் கிளம்பினார், ஹண்டரும் கூடவே போனார். ஆளைக் குறை சொல்வதல்ல நோக்கம். நல்ல சம்பளத்துக்குப் போக யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்ததாலேயே நாற்காலியின் குணம் மாறிவிடாது. கொலராடோவில் வெளியே வைக்கப்பட்ட "மூட்டை"களிலும் கறுப்பினப் பிள்ளைகள் இருந்தார்கள். பிரதிநிதித்துவம் வேண்டும், அதோடு கட்டமைப்பும் உடைய வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க விடக்கூடாது.

இனி "தகுதி"க்கு வருவோம். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையை முடித்துவைத்தது. தகுதி வென்றது என்று கொண்டாடினார்கள். இங்கே இடஒதுக்கீட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் அதே குரல். அலபாமா மாநில மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். அலபாமா பல்கலைக்கழக மாணவர்களில் அவர்கள் பங்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. கால்பந்து அணியைப் பாருங்கள், படமே தலைகீழ். ஆராய்ச்சிக்கூடத்துக்கும் சட்டக் கல்லூரிக்கும் ஆள் தேட ஊர் ஊராகப் போகாத பல்கலைக்கழகம், வேகமாக ஓடும் பையனைத் தேடி எந்தக் குக்கிராமத்துக்கும் போகிறது. ஆக, தேடினால் கிடைப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எதற்காகத் தேடுவது என்பதில்தான் இருக்கிறது அரசியல்.

உடலை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி ஜோர்டன் மக்நேர். மேரிலாந்து பல்கலைக்கழக வீரர், வயது 19. 2018 மே மாதப் பயிற்சியில் வெப்பத்தாக்கில் சரிந்தார். உடனே செய்ய வேண்டிய குளிர்நீர் முதலுதவி செய்யப்படவில்லை. ஜூனில் இறந்தார். பல்கலைக்கழகம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அக்டோபர் இறுதியில் ஆட்சிக்குழு தலைமைப் பயிற்சியாளரைத் தொடர விட்டது. கொந்தளிப்பு எழுந்த பிறகே, மறுநாள் அவர் நீக்கப்பட்டார். பின்னர் வேறு பெரிய பல்கலைக்கழகங்களில் அவருக்கு வேலை கிடைத்தது. பயிற்சியாளருக்கு அடுத்த அணி எப்போதும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் வெறும் பலியாடுகள் என்று நினைத்துவிடாதீர்கள். 1969இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில், மோர்மன் திருச்சபையின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணியலாமா என்று கேட்கப் போன 14 கறுப்பின வீரர்களைப் பயிற்சியாளர் லாயிட் ஈட்டன் ஒட்டுமொத்தமாக நீக்கினார். அதுவரை தோல்வியே காணாத அணி அது. அடுத்த ஆண்டு ஒரே ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. பல்கலைக்கழகம் முறையாக மன்னிப்புக் கேட்க ஐம்பது ஆண்டு ஆனது. 2015இல் மிசூரி பல்கலைக்கழகத்தில் நிறவெறிச் சம்பவங்களை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு மாணவர் பட்டினிப் போராட்டம் இருந்தார். கறுப்பின வீரர்கள் "தலைவர் விலகும்வரை ஆடமாட்டோம்" என்றார்கள். அவர்கள் அறிவித்தது நவம்பர் 7. தலைவர் பதவி விலகியது நவம்பர் 9. மாதக்கணக்கில் மனுக்களால் ஆகாதது இரண்டே நாளில் நடந்தது. அடுத்த மாதமே, ஆட மறுக்கும் வீரர்களின் உதவித்தொகையைப் பறிக்க ஒரு மசோதா கொண்டுவரப்பட்டு, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. யாருக்குப் பயம் வந்தது என்று புரிகிறதா?

2024இல் புளோரிடா பல்கலைக்கழகம் சமத்துவத்துக்கான தன் அலுவலகத்தை மூடியபோது, கறுப்பின வீரர்கள் அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேரும் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று என்.ஏ.ஏ.சி.பி. அறைகூவல் விடுத்தது. சரியான இடத்தில் வைக்கப்பட்ட கை அது. ஆனால் பதினேழு வயதுப் பையன் ஒருவன் தனியாக இந்தச் சுமையைத் தூக்க முடியாது. அவனுக்குப் பின்னால் ஓர் அமைப்பு வேண்டும்.

எனவே கேட்க வேண்டியவை தெளிவானவை. வீரர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, சங்கம் வைக்கும் உரிமை தர வேண்டும். பயிற்சியாளர் மாறினாலும், அணியிலிருந்து நீக்கப்பட்டாலும், வேறு கல்லூரிக்குத் தள்ளப்பட்டாலும் பட்டம் முடிக்கும்வரை செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு ஆட்டம் முடிந்த பிறகும் மருத்துவம் வேண்டும். நீக்கப்படும் பயிற்சியாளருக்குக் கோடிகளை ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாததல்ல.

தோழர்களே, அடுத்த முறை யாராவது "திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், அமெரிக்காவைப் பார்" என்று சொன்னால், அந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் திறமையால் உள்ளே வந்தவர்தான். அவர்களை வெளியேற்றத் தேவைப்பட்டது வேறொருவரின் வருகை மட்டுமே. இன்னொருவர் விருப்பத்தில் தொங்கும் இடம் உரிமை ஆகாது. அது சலுகை. நாம் கேட்பது எந்தக் காலத்திலும் சலுகையை அல்ல.