கொழுந்துத் தராசும் கணினி நிரலும்

நம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணினி நிரல் எழுதுந் தொழிலில் அமர்ந்திருத்தல் கண்டு மகிழ்கின்றோம். அவருட் சிலர் பணியாளரைத் தெரிந்தெடுக்கும் நிலைக்கும் உயர்ந்துள்ளனர். "வல்ல நிரலாளன் ஒருவன் பத்துப் பேருக்குச் சமன், அவனைத் தேடிப் பிடித்தாற் போதும்" என்னும் பேச்சு அவர் வாயிலாக நம் மாணவர் செவிக்கும் எட்டியுள்ளது. இதனை முழுதும் ஏற்க நாம் ஒருப்படோம்.

1968 இல் அமெரிக்காவிற் சக்மன், எரிக்சன், கிராண்ட் என்போர் வெளியிட்ட ஆய்வே இப்பேச்சின் வேர். அனுபவமுள்ள 12 நிரலாளருட் பிழை களைதற்கு மிகப் பிந்தியவர் கொண்ட நேரம், மிக விரைந்தவர் கொண்டதினும் 28 மடங்கு வரை சென்றது. வேறுவேறு முறைகளில் வேலை செய்தோரை ஒருங்கு வைத்து ஒப்பிட்டமை பின்னர்க் குறையாகச் சுட்டப்பட்டது. ஆயினும் வேறுபாடு பெரிது என்பது உண்மையே.

அது எங்கிருந்து பிறக்கின்றது? 1984 முதல் 1986 வரை டிமார்க்கோ, லிஸ்டர் என்னும் இருவர், 92 நிறுவனங்களைச் சேர்ந்த 600 க்கு மேற்பட்ட நிரலாளரை அவரவர் அலுவலகத்தில் இருந்தவாறே ஒரே வேலையைச் செய்வித்தனர். தலைநின்றோர்க்கும் கடைநின்றோர்க்கும் பத்து மடங்கு வேறுபாடு தோன்றிற்று. ஆனால், ஒரே நிறுவனத்திலிருந்து வந்த இருவர் பெரும்பாலும் ஒத்தே நின்றனர்! நீண்ட அனுபவம் அதிகம் உதவவில்லை. 1984 இல் முன்னின்ற காற்பங்கினருள் 57 வீதத்தினர் தம் இடம் அமைதியானது என்றனர். பின்னின்ற காற்பங்கினருள் 29 வீதத்தினரே அவ்வாறு கூறினர். வல்லார் நல்லிடம் நாடிச் செல்வதும் ஒரு காரணமாகலாம். அதனை மறுக்கின்றோம் அல்லோம்.

மலைநாட்டார்க்கு இது புதுமையன்று. கொழுந்து நிறுக்குமிடத்திற் கிலோ குறைந்தவளுக்கு அரைப்பேர் விழுகின்றது. அவள் பிடித்த நிரையிலுள்ளது செழித்த செடியா, கிழட்டுச் செடியா, வெயிலா மழையா என்று தராசு கேட்பதில்லை. நம் பரீட்சைப் புள்ளியும் அத்தகைய தராசே. அதனைப் பிடித்து நிற்போர் ஆசிரியராகிய நாம். லயக் காம்பிராவில் அடுப்புப் புகைக்கும் தொலைக்காட்சி ஓசைக்கும் இடையே படிக்கும் பிள்ளையும், கண்டி நகரிலே தனியறையிற் படிக்கும் பிள்ளையும் ஒரே தாளுக்கு விடை எழுதுகின்றனர்.

ஆதலின், விழா நிதியைப் பதக்கங்களிற் செலவிடுவதினும், தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ் வரை திறந்திருக்கும் அமைதியான வாசிப்பறை ஒன்று அமைத்தலே தக்கது எனப் பழைய மாணவர் சங்கத்தாருக்கு விண்ணப்பிக்கின்றோம். ஆளெடுக்கும் நண்பர்களும், மெல்ல எழுதும் இளைஞனை நீக்குமுன், தம் அலுவலகக் கூடத்தின் இரைச்சலை ஒரு நாழிகை இருந்து கேட்பாராக.