தம்பியும் வரட்டுமே!



அடுத்த மாதம் நம் பள்ளிச் சுற்றுலா. தீம் பார்க் போறோம்னு எல்லாரும் குஷியா இருக்கோம். "உன் தம்பியைக் கூட்டிட்டு வராதேடி, அழுது எல்லாத்தையும் கெடுத்துடுவான்" என்றாள் ஒரு தோழி. அவள் மேல் கோபமில்லை. அவளுக்குத் தெரியாததைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஆட்டிசம். நமக்குச் சாதாரணமான மைக் சத்தம் அவனுக்குக் காதுக்குள் வெடி வெடித்த மாதிரி. சட்டைக் காலரில் உள்ள லேபிள் கூட முள்ளாய்க் குத்தும். அது அடம் இல்லை. சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் அவனுக்குப் பல மடங்காகத் தெரிகிறது.

போன வருடம் ஒரு பார்க்குக்குப் போனோம். உள்ளே நுழைந்து பத்தே நிமிடம். ஸ்பீக்கர் பாட்டு, கூட்டம், மேலே தெறித்த தண்ணீர். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்தினான். "புள்ளைய வளர்க்கத் தெரியல" என்றார் ஒருவர். அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அன்று வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வருடம் மறுபடி போனோம். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை, கேட் திறக்கும்போதே. ஒரு வாரம் முன்பே ராட்டினப் படங்களை நோட்டில் வரிசையாக ஒட்டி அவனுக்குக் காட்டினேன். காதை மூடும் ஹெட்போன், தொப்பி, லேபிள் வெட்டிய பழைய சட்டை, மாற்றுத்துணி, டப்பாவில் தயிர்சாதம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிறகு மரத்தடியில் ஓய்வு. என் கையை இரண்டு முறை தட்டினால் 'போதும்' என்று அர்த்தம். உடனே வெளியே வந்துவிடுவோம்.

ஜெயன்ட் வீலில் அவன் ஏறவே இல்லை. கீழே நின்று பெட்டிகளை எண்ணினான். குட்டி ரயிலில் மட்டும் ஆறு தடவை! "டிக்கெட் காசு வேஸ்ட்டாச்சேப்பா" என்றேன். "அவன் சிரிக்கிறான் பாரு, அதுக்குத்தானேம்மா வாங்கினோம்" என்றார் அப்பா.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் உள்ள செசமி பிளேஸ், ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து 2018-இல் ஆட்டிசத்துக்கான சான்றிதழ் பெற்றது. எந்த விளையாட்டில் சத்தம் எவ்வளவு என்று முன்பே சொல்லும் கையேடும் அங்கே உண்டு. என் நோட்டும் அதே வேலையைத்தான் செய்தது.

எல்லாம் செய்தும் சில நாள் சரிவராது. அப்போது திரும்பி வந்துவிடலாம். ஆனால் கூப்பிடாமலே விடுவது நியாயமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவன் பக்கத்தில் விசில் ஊத வேண்டாம், நிழலில் ஓர் இடம் போதும். நண்பர்களே, அவன் கையைப் பிடித்து இழுக்காதீங்க, அழுதால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீங்க. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிந்திப்போமா?

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி