பழுதா, பெயர் தெரியாமையா?



நம் தமிழ்ப்பள்ளிகளின் எந்திரவியல் கழகங்களில் ஒரு சொல் மிக மலிவாகப் புழங்குகிறது. "பழுது" என்பதே அச்சொல். அர்டுயினோ வகைப் பலகை ஒன்றைக் கணினியில் செருகுகிறார்கள். கணினி அதனை அறிந்துகொள்ளவில்லை. உடனே பலகை அலமாரிக்குள் போகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் புதிய பலகைக்குப் பணம் கேட்கப்படுகிறது. இப்போக்கை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் செருகப்பட்டவுடன் இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று தயாரிப்பாளர் எண். மற்றொன்று பொருள் எண். 0403, 6001 என்ற இணை ஓர் எடுத்துக்காட்டு. அந்த இணை எந்த இயக்கியின் பட்டியலில் உள்ளது என்று கணினி தேடுகிறது. இல்லையென்றால் கருவி வாசலிலேயே நிற்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் கொதித்தெழும் நாம், அதே காரணத்திற்காகக் கருவியைக் குப்பையில் எறியலாமா?

சோதிப்பது கடினமன்று. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கருவியின் பண்புகளில் அவ்வெண்களைக் காணலாம். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்னும் கட்டளை போதும். எண்கள் தெரிந்தால் பலகை பேசுகிறது என்று பொருள். எதுவுமே தெரியாவிட்டால் முதலில் கம்பியை மாற்றுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பிகள் சிலவற்றில் தரவு இழைகளே இரா.

லினக்ஸில் யூஎஸ்பிசீரியல் என்றொரு பொது இயக்கி உண்டு. அவ்விரு எண்களையும் கொடுத்து அதனை ஏற்றினால், அறிமுகமில்லாத கருவிக்கும் ஒரு தொடர்முனை திறக்கும். ஆயினும் அது சோதனைக்குரியது. தரவு வேகத்தை அமைக்க அதற்குத் தெரியாது. நிலையான பயன்பாட்டிற்குச் சில்லுக்குரிய இயக்கியே வேண்டும். மலிவான பலகைகளில் காணப்படும் சிஎச்340 சில்லுக்கு லினக்ஸ் கருவிலேயே இயக்கி இருக்கிறது. விண்டோஸ் கணினிகள் சிலவற்றில் தனியே நிறுவ வேண்டிவரும். இதற்குச் சில நிமிடங்களே செலவாகும்.

"மலிவுப் பலகை அப்படித்தான், எங்கள் பெட்டியை வாங்குங்கள்" என்று விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 2014 அக்டோபரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய இயக்கி விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வந்து, போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைப் பூச்சியமாக மாற்றியது. சில்லு சாகவில்லை, பெயர் மட்டுமே பறிக்கப்பட்டது. ஆனால், வாங்கியவர் கண்ணுக்கு அது செத்த பலகைதான். போலி செய்தது குற்றமே. தண்டனையோ, போலியென்று அறியாமல் வாங்கியவருக்குக் கிடைத்தது. லினக்ஸ் கருவோ அந்தப் பூச்சிய எண்ணையும் தன் பட்டியலில் சேர்த்து, அச்சில்லுகளை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

இதனை ஆசிரியர் மட்டும் அறிந்தால் போதாது. மாணவர் கையாலேயே செய்ய வேண்டும். எண்ணைப் படிக்கவும், இயக்கியைத் தேடவும் கற்ற பிள்ளை, விளங்காத எதையும் பழுதென்று ஒதுக்க மாட்டான். ஒதுக்கிப் பழகிய பள்ளியோ, நாளை மெல்லக் கற்கும் மாணவனையும் அப்படியே ஒதுக்கும்.

புதிய பலகைக்குப் பணம் கேட்கும் கடிதம் வந்தால், பெற்றோர்களே, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அதன் எண்களைப் பார்த்தீர்களா?"

சிந்திப்போம், செயல்படுவோம்.