பைபாஸ் ஆனவரைப் பார்க்கப் போகிறீர்களா? அந்த மூணு பந்தைக் கேளுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

நம்ம கோயில் அன்னதானத்துக்குப் பல வருசமா சாம்பார் அண்டா தூக்கிய அண்ணனுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனது பலருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த மறுநாளே நாங்கள் 12 பேர் பழக்கூடை, திருநீறோடு போய் உட்கார்ந்துவிட்டோம். எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "அசையாதீங்க அண்ணே, படுத்தே இருங்க." ஆஸ்பத்திரியில் கொடுத்த மூணு பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி பழக்கூடைக்குப் பின்னால் கிடந்தது. "பேரப்பிள்ளை விளையாட்டுச் சாமானா?" என்று எங்களில் ஒருத்தர் கிண்டல் வேற. அண்ணன் சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்லையாம், அண்ணி சொன்னாங்க.

பத்தே நாளில் காய்ச்சல், நிமோனியா, திரும்பவும் வார்டு. எங்களால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு உறுத்துது.

வார்டில் பிசியோ தங்கச்சி பொறுமையாக விளக்கியது. பைபாஸுக்கு நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, பிறகு கம்பியால் கட்டுகிறார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பக்கம் விரியாமல் சுருங்கிப்போகும், சளி தேங்கும், கிருமி அங்கேதான் குடியேறும். அந்தப் பந்தை ஊதக்கூடாது, இழுக்கணும். (நாங்கள் அத்தனை பேரும் ஊதுகிற சாமான் என்றே நினைத்திருந்தோம்!) நிமிர்ந்து உட்கார்ந்து, வாயால் மெதுவா உள்ளே இழுத்து, சில விநாடி நிறுத்தணும். விழித்திருக்கிறபோது மணிக்குப் பத்து தடவை. இருமல் வந்தால் அடக்காமல், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமணும். தினமும் கொஞ்சம் கூடுதலா நடக்கணும்.

ஆக, "அசையாதீங்க" என்று அன்பாகச் சொல்வதே அவருக்குக் கெடுதல். யோகா தெரிந்தவர்கள் உடனே கபாலபாதி, கும்பகம் சொல்லித்தரக் கிளம்புவதும் வேண்டாம். வேகமா மூச்சை உதறுவதும் அடக்குவதும் டாக்டர் அனுமதித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேர்த்திக்கடனும் அப்படித்தான். நெஞ்செலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். அதற்குள் பால்குடம், காவடி, பத்துமலை 272 படி என்று யாரையும் ஏத்திவிடாதீங்க. முருகன் அடுத்த வருசமும் அங்கேதான் இருப்பார்.

அண்ணன் இப்போ வீட்டில்தான். தொண்டர்கள் இனி ரெண்டு ரெண்டு பேராகத்தான் போகிறோம், கால் மணி நேரம். இருமல், சளி உள்ளவங்க தயவுசெய்து போக வேண்டாம். போகிறவர் முதலில் பந்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துட்டு, அப்புறம் கோயில் கதை பேசுங்க.

நேத்து ரெண்டு பந்து மேலே போச்சு. மூணாவது இன்னும் அசையலை.