பொட்டு இல்லாவிட்டால் வேறு மதமா?



பெண்களின் நெற்றியைப் பார்த்தே மதம் சொல்லிவிடும் ஜோசியம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பொட்டு இருந்தால் இந்து. பொட்டு இல்லாவிட்டால் கிறிஸ்தவர். தலையில் முக்காடு இருந்தால் முஸ்லிம். இந்த ஜோசியம் எத்தனை தரம் பொய்த்தாலும் யாரும் விடுவதாகக் காணோம். அதைப் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சியில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். நாங்கள் இந்துக்கள். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் இருந்ததில்லை. ஆனால் நான்கு வருஷமாக என் நெற்றியில் பொட்டு கிடையாது.

காரணம், ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு வைக்கிற இடத்தில் முதலில் அரிப்பு வந்தது. பிறகு அந்த இடம் மட்டும் வட்டமாக வெளுக்க ஆரம்பித்தது. தோல் டாக்டரிடம் காட்டினேன். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் 'பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால்' என்று ஒரு ரசாயனம் இருக்கிறதாம். அது சிலருக்குத் தோலின் நிறத்தையே எடுத்துவிடுமாம். கடைக் குங்குமத்தில் கலக்கிற சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். "இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா, பயப்படாதீங்க. ஆனா நெத்தியில இனிமே எதுவும் வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்து போட்டதில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. ஆனால் பொட்டு வைக்கத் தடை நீங்கவில்லை.

அன்றிலிருந்து ஊரார் என் மதத்தை மாற்றிவிட்டார்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் பையோடு நிற்கிறேன். ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் நிறுத்தி, "சர்ச்சுக்குத்தானேம்மா, ஏறுங்க" என்கிறார். சிரித்துவிட்டு, "மார்க்கெட்டுக்குப்பா" என்றேன். இதெல்லாம் சிரிக்கிற ரகம்.

பக்கத்துத் தெரு மாமி வீட்டுக் கொலுவில் எல்லாருக்கும் வெற்றிலை பாக்கோடு குங்குமச்சிமிழை நீட்டிய மாமி, எனக்கு மட்டும் சுண்டலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். விசாரித்தால், "உங்கள்ல வாங்கிக்க மாட்டேளோன்னு நெனச்சேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "நெத்தியிலதான் மாமி வைக்கக் கூடாது, தாலியில வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். இதிலும் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வந்தது வீடு தேடியபோதுதான். போன வருஷம் புரோக்கர் ஒரு வீடு காட்டினார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கம். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர். வாடகையும் எங்கள் கைக்கு அடக்கம். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா என் நெற்றியைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லாமலே, "நாங்க நம்மவங்களுக்கு மட்டும்தான் விடறது" என்றார். புரோக்கர் பதறிப்போய், "ஐயோ, இவங்க நம்மாளுங்கதாம்மா, தோல் வியாதிக்காகப் பொட்டு வைக்கறதில்ல" என்றார். அவ்வளவுதான், அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. "முன்னாடியே சொல்லக் கூடாதா, உள்ளே வாங்க" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

அந்தக் காப்பி எனக்கு இறங்கவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வாசலில் நின்றவளும் நான்தான். அதே குடும்பம், அதே சம்பாத்தியம், அதே பிள்ளைகள். மாறியது ஒரு வார்த்தை. எனக்குப் புரோக்கர் ஒரு வார்த்தை சொன்னதும் கதவு திறந்தது. உண்மையிலேயே கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருக்கிற பெண்ணுக்கு என்ன சொல்லி அந்தக் கதவைத் திறப்பது? நான் தவறுதலாக இரண்டு நிமிஷம் அனுபவித்ததை, அவர்கள் ஒவ்வொரு தடவை வீடு மாற்றும்போதும் அனுபவிக்கிறார்களே!

வீட்டுக்கு வந்ததும் கணவர், "நல்ல வீடும்மா, விட்டா கிடைக்காது" என்றார். "என்னங்க, எதிர் வீட்டு அக்கா நாளைக்கு நம்மளப் பார்க்க வந்தா, அவங்களை வாசல்லயே நிக்க வைப்பாங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. கடைசியில் மாசம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறு வீட்டில் இருக்கிறோம். மாசக் கடைசியில் அந்த ஆயிரம் வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக அந்த வீட்டுக்குப் போகவில்லையே என்று நான் வருந்தவில்லை.

எதிர் வீட்டு அக்கா என்று சொன்னேனே, அவர் வேதக்காரர். பெரிய பொட்டு வைப்பார், பூ வைப்பார், வாசலில் கோலம் போடுவார். அவர் தாலியில் சிலுவை இருப்பது கழுத்துச் சேலைக்குள் மறைந்திருக்கும். அதனால் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இந்து என்றே நினைத்து, அவர் முன்னாலேயே கிறிஸ்தவர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவார்களாம். "கேட்டுட்டுச் சும்மா இருப்பேன், என்ன பண்றது" என்பார். சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாம் நம்மவர்கள் என்று நினைத்து நாம் பேசுகிற பேச்சு யார் காதில் விழுகிறதோ, யோசித்தோமா?

நம் ஊர்ப் பெண்களை அடையாளம் வைத்துப் பிரிக்க முடியுமா என்ன? பொட்டு வைக்கும் கிறிஸ்தவப் பெண்கள் கிராமங்களில் நிறைய. தாலியில் கருகமணி கோத்துப் போடும் முஸ்லிம் பெண்களும் உண்டு. கத்திரி வெயிலில் ஸ்கூட்டியில் போகிற பெண் பிள்ளைகள் துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் என்ன மதம்? கார்த்திகை மாசம் மாலை போட்டவர்கள் தாடி வளர்க்கிறார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இந்துக்கள் போகிறோம். எங்கள் திருச்சியிலேயே மலைக்கோட்டையும், லூர்து மாதா கோவிலும், நத்தர்ஷா தர்காவும் ஒரே ஊருக்குள்தானே இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணவர் விபூதி வைக்காமல்தான் வேலைக்குப் போகிறார். ஒருவர்கூட அவரை "நீங்க எந்த மதம்?" என்று கேட்டதில்லை. பெண்ணின் நெற்றி காலியாக இருந்தால் மட்டும் வேறு மதமா, இல்லை புருஷன் இல்லாதவளா என்று இரண்டு கேள்வி! கணவரை இழந்த சகோதரிகள் இந்தப் பார்வையை எப்படித் தாங்குகிறார்களோ என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இந்த அடையாள ஜோசியம் உயிரையே வாங்கியதும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து, அங்கே அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில், பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியரைத் தன் பெட்ரோல் பங்க் வாசலிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து அவரை முஸ்லிம் என்று நினைத்துவிட்டான். "ஐயோ பாவம், அவர் முஸ்லிமே இல்லையே" என்று இரக்கப்படுகிறோம். அப்படியானால் முஸ்லிமாக இருந்திருந்தால் பரவாயில்லையா? ஆள் மாறியதா தப்பு? சுட்டதல்லவா தப்பு!

அதனால்தான், யாராவது என்னைக் கிறிஸ்தவர் என்று நினைத்தால் "ஐயையோ, நான் அது இல்லை" என்று பதறுவதை நான் விட்டுவிட்டேன். கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். கேட்காவிட்டால் விளக்கம் சொல்வதில்லை. பதறினால், அது ஏதோ அவமானம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

சகோதரிகளே, விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் குங்குமச்சிமிழை ஒரே மாதிரி நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். புதிதாக யாரையாவது சந்தித்தால் பேரைக் கேளுங்கள், பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். நெற்றியைத் துருவாதீர்கள். கையில் வீட்டுச் சாவி இருக்கிறவர்கள், வாடகையை ஒழுங்காகத் தருவார்களா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பார்களா என்று பாருங்கள். அது போதும்.

அப்படியே, ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் அரிப்போ நிற மாற்றமோ தெரிந்தால் உடனே எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று தள்ளிப் போடாதீர்கள்!

- ஒரு வாசகி, திருச்சி.