நான் கேட்கத் தவறிய நாலாவது கேள்வி



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் விறாந்தையில் காத்திருந்தார். கையில் பளபளப்பான ஒரு புத்தகம். வெளிநாட்டு வைத்தியக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் முகவர் கொடுத்தது. மகள் உயர்தரத்தில் நன்றாகச் செய்திருக்கிறாள்; ஆனால் இங்கே மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி கொஞ்சம் எட்டவில்லை.

"ஹஸரத், மஹ்ரம் இல்லாம பொம்புளப் புள்ளைய அனுப்பலாமா? சாப்பாடு ஹலாலா இருக்குமா? பேங்கில லோன் எடுக்கலாமா?"

மூன்று கேள்விகளையும் கேட்டதும் எனக்கு மனம் திக்கென்றது. இதே மூன்றையும், இதே ஒழுங்கில், 2017 இல் காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டிருந்தார். அன்று மூன்றுக்கும் கிதாபைப் புரட்டிப் பதில் சொன்னேன். சொன்ன பதில்களில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் நானாகக் கேட்டிருக்க வேண்டிய நாலாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை நான் கேட்கவில்லை.

அவர் வேலூரில் என்னோடு ஓதியவர். எனக்கு மூன்று வகுப்பு மூத்தவர். நான் 'காக்கா' என்பேன். அவருக்கு நான் 'தம்பி'. வேலூரில் ஓதியவர்களுக்கு அங்குள்ள பெரிய கிறிஸ்தவ வைத்தியசாலை தெரியாமல் இராது. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையை அந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அவருடைய தகப்பனார் டொக்டர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் ஒருத்தி வேண்டும் என்று வந்து நின்றார்கள். அதில் ஒரு வீடு முஸ்லிம் வீடு. ஆண் டொக்டரை அனுப்பச் சம்மதிக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் மௌத்து. ஐடா அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து 1900 இல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1918 இல் பெண்களுக்கென்றே அங்கு ஒரு மருத்துவப் பள்ளியும் திறந்தார்.

பிள்ளைப்பேற்று வார்டில் பெண் டொக்டர் இருக்கிறாரா என்று விசாரிக்காத முஸ்லிம் வீடு இன்றும் உண்டா? ஆகவே 'என் மகள் டொக்டராக வேண்டும்' என்று காக்கா சொன்னபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

இந்தியாவில் அந்தக் கதவு எவ்வளவு ஒடுக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். வைத்தியம் படிக்க 'நீட்' என்ற ஒரே பரீட்சை. 2024 இல் அதை எழுதியவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல். உள்ள இடங்களோ ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் ஏறக்குறைய பாதிதான் அரசாங்கக் கல்லூரிகளில். மிச்சம் தனியார் கல்லூரிகள். அரைக் கோடி, ஒரு கோடி என்று கேட்பவையும் அவற்றில் உண்டு. அதில் மூன்றிலொரு பங்குக்கும் முடித்துத் தருகிறோம் என்று ரஷ்யா, ஜோர்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ், பங்களாதேஷ் என்று முகவர்கள் வந்து நின்றால் நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்?

காக்கா கிர்கிஸ்தானைத் தெரிந்தெடுத்தார். "முஸ்லிம் நாடு தம்பி. பள்ளிவாசல் இருக்குது, ஹலால் கறி இருக்குது" என்றார். வட்டிக் கடன் வேண்டாம் என்று நான் சொன்னதற்காகத் தோட்டத்தில் தன் பங்கை விற்றார். வீட்டுக்காரியின் நகையும் போனது. மகளைத் தானே பிஷ்கெக் வரை கூட்டிக்கொண்டு போய், தமிழ்நாட்டு, கேரளப் பிள்ளைகள் இருந்த விடுதியில் விட்டுவிட்டு வந்தார்.

அந்தப் பிள்ளை என்னை 'சாச்சா' என்றுதான் கூப்பிடும். முதல் குளிர்காலத்தில் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தது: வுளூச் செய்யும் தண்ணீர் ஊசி குத்துவது போல இருக்கிறது, கடையில் ஆட்டிறைச்சி என்று நினைத்து வாங்கியது குதிரை இறைச்சி என்று பிறகு தெரிந்தது, அறைத் தோழிகள் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம் என்று. குதிரை இறைச்சி பற்றி இமாம்களின் கருத்து வேறுபாடுகளை நானும் அன்று நீளமாக விளக்கி அனுப்பினேன்! அதே பதிவில் கடைசியாக ஒரு வார்த்தை இருந்தது: "வார்டில நோயாளி சொல்றது ஒண்ணும் விளங்கல்ல சாச்சா." அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கவனியுங்கள். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு ஆங்கிலம் எங்கே தெரியும்? அவர் ரஷ்ய மொழியில் அல்லது கிர்கிஸ் மொழியில் நோவைச் சொல்கிறார். உக்ரேனில் படித்தவர்களுக்கும், சீனாவில் படித்தவர்களுக்கும் இதே கதைதான். மொழியைச் சிரமப்பட்டுப் படித்துக்கொள்ளும் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். மற்றவர்கள் நோயாளியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்குள் 2020 இல் கொரோனா வந்தது. பிள்ளை காயலுக்குத் திரும்பி, மாடி அறையில் கைத்தொலைபேசியைப் பார்த்து மாதக்கணக்கில் 'வைத்தியம்' படித்தது.

பட்டம் 2023 இல் கிடைத்தது. ஊரில் கந்தூரி வைக்காத குறை. அதன்பிறகுதான் நாலாவது கேள்வி வாசலில் வந்து நின்றது.

வெளிநாட்டில் படித்த இந்திய மாணவர் பட்டத்தோடு வந்த மறுநாள் டொக்டராகிவிட முடியாது. ஒரு சில நாடுகளில் படித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கென்று 2002 முதல் ஒரு தகுதிப் பரீட்சை நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை. ஒரே நாளில் 300 வினா. 150 சரியாக இருக்க வேண்டும். கேட்பதற்கு இலேசு. ஆனால் அண்மைய பல தடவைகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுதான் தேறினார்கள். இந்தியாவின் தடுப்பூசி அட்டவணை, தேசிய சுகாதாரத் திட்டங்கள் என்றெல்லாம் அதில் வரும். பிஷ்கெக்கில் யார் இதைச் சொல்லிக்கொடுப்பார்?

பிள்ளை 2024 ஜனவரியில் எழுதியது: 121. ஜூலையில் எழுதியது: 138.

அந்த ஒன்றரை வருடத்தில் அந்த வீட்டில் நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். பரீட்சை கூட அவ்வளவு நோகடிக்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால், "எந்த ஆஸ்பத்திரியில மா இருக்கே?" என்று பெண்கள் கேட்பார்கள். சிலர் தெரியாமல் கேட்டார்கள். சிலர் தெரிந்தே கேட்டார்கள். பிள்ளை கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. பேசிவந்த சம்பந்தம் ஒன்று, "டொக்டர் என்று சொன்னீங்களே" என்று நின்றுபோனது. காக்கா தன் மகளோடு நேரே கதைப்பதைக் குறைத்துவிட்டார். கோபத்தில் அல்ல, என்ன கதைப்பது என்று தெரியாமல். தாய் மட்டும் தினம் இரவு தேநீர் ஊற்றிக் கொண்டுபோய், மகள் படித்து முடியும்வரை அந்த அறையிலேயே தஸ்பீஹ் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். 'இனிமே போதும், விட்டுடு' என்றும் சொல்லவில்லை, 'பாஸாகணும்' என்றும் சொல்லவில்லை. இதைப் பிள்ளையே பிறகு எனக்குச் சொன்னது.

இந்த இடத்தில் ஆனந்திபாய் ஜோஷி என்ற மராட்டியப் பெண்ணின் நினைவு எனக்கு வருகிறது. பிறந்து பத்தே நாளில் தன் குழந்தையைப் பறிகொடுத்த சிறுமி அவர். தன்னைப் போன்ற பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று 1883 இல், பதினெட்டு வயதில், கணவரை விட்டுவிட்டுத் தனியே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தக் குளிரிலும் சேலையை விடவில்லை. தன் சமயத்துக்கு ஆகாத உணவைத் தொடவில்லை. உடல் அங்கேயே கெட்டுவிட்டது. 1886 இல் பட்டம் வாங்கினார். கோல்ஹாப்பூரில் ஒரு வைத்தியசாலையின் பெண்கள் பகுதி அவருக்காகக் காத்திருந்தது. 1887 பெப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிரம்ப முன்னே, காசநோயில் இறந்துபோனார். பட்டத்துக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையில் இருக்கும் தூரம் அன்றும் சின்னதல்ல.

இப்போது சட்டமும் இறுகியிருக்கிறது. 2021 நவம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்த இந்திய மாணவருக்கு 54 மாதத்துக்குக் குறையாத படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இந்தியாவில் மேலும் 12 மாதம். எல்லாவற்றிலும் முக்கியமானது இது: படித்த அந்த நாட்டிலேயே, அந்நாட்டுப் பிரஜைக்குச் சமமாக, வைத்தியம் பார்க்க உரிமம் பெறத் தகுதி இருக்க வேண்டும். தன் நாட்டில் தொட அனுமதிக்காத டொக்டரை இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் வியாபாரம் அங்கே இருந்ததனால்தான் இந்த விதி.

போதாததற்கு யுத்தம். 2022 பெப்ரவரியில் உக்ரேனில் குண்டு விழத் தொடங்கியதும் இருபதாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் எல்லை கடந்து ஊர் திரும்பினார்கள். பெரும்பாலோர் வைத்திய மாணவர். கார்கீவில் சாப்பாட்டுச் சாமான் வாங்க நின்ற ஒரு மாணவர் உயிரோடு திரும்பவில்லை. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் தாக்கப்பட்டன. அதே வருடம் ஜூலையில் பங்களாதேஷிலிருந்து ஆயிரக்கணக்கில் ஓடிவந்தார்கள். 2025 ஜூனில் ஈரானின் ஊர்மியாவில் படித்த காஷ்மீர்ப் பிள்ளைகளை ஆர்மேனியா வழியாகக் கொண்டுவந்தார்கள். 'முஸ்லிம் நாடு' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்ப முடியாது, சகோதரிகளே. நம் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. 2020 பெப்ரவரி முதலாம் திகதி வூஹானிலிருந்து 33 இலங்கை மாணவர்களைத் தனி விமானத்தில் கொண்டுவந்து தியத்தலாவையில் வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

அல்ஹம்துலில்லாஹ், 2025 ஜனவரியில் அந்தப் பிள்ளை 163 எடுத்தது. அதன்பிறகும் பயிற்சிக்கு இடம் கிடைக்கச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் முறையாகப் பிரசவ வார்டில் இரவு வேலை செய்த அன்று சுபஹுக்குப் பிறகு எனக்கு அழைத்தது. "சாச்சா, இன்னைக்கு நோயாளி சொன்னது எல்லாம் விளங்கிச்சு" என்றது.

எங்கள் தெருத் தாய்க்கு அவர் கேட்ட மூன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு ஒரு தாளை எடுத்து, முகவரிடம் கேட்கும்படி என் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்தக் கல்லூரி இலங்கை மருத்துவ சபையின் பட்டியலில் இருக்கிறதா, அதற்கு எழுத்தில் அத்தாட்சி தருவாரா? படித்து முடித்தவர் அந்த நாட்டிலேயே வேலை செய்யலாமா? வார்டில் நோயாளி பேசும் மொழி எது, அதை எத்தனை மாதம் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அங்கே படித்துத் திரும்பி இங்கு மருத்துவ சபைப் பரீட்சை எழுதிய நம் பிள்ளைகள் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கம் தருவாரா? தேறியவர் ஒருவர், தேறாதவர் ஒருவர்.

தாளை மடித்துப் பர்தாவுக்குள் வைத்துக்கொண்டு போனார். கடந்த ஜும்ஆவுக்குப் பிறகு அவருடைய மகனைக் கண்டு விசாரித்தேன். விபரம் எடுத்து அழைப்பதாக முகவர் சொன்னாராம். இன்னும் அழைக்கவில்லை. முற்பணத்துக்கு மட்டும் இரண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கிறார்.